ஏழுமலையும் ‘யேயமல்லி’யும் ஒரே ஆளா? நேட்டால் போன உறவைத் தேடும்போது பெயர்க் குழப்பம்

ஆரணிக்காரி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பா வழிப் பூர்வீகம் ஆரணிக்குப் பக்கத்தில் சேவூர். அப்பாவின் தாத்தாவுக்கு ஏழுமலை என்று ஒரு அண்ணன் இருந்தாராம். அவர்களுடைய அப்பா முனிசாமி. ஏழுமலை வயசுக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. எங்கள் வீட்டில் தெரிந்தது இவ்வளவுதான்.

இப்போது டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு அக்கா வாட்ஸ்அப்பில் பேசுகிறார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஆரணிக்காரர். கப்பல் பட்டியலில் இருந்து அவர் அனுப்பிய வரி இது: உம்லாசி கப்பல், பெயர் ‘யேயமல்லி’ (ஒய்-யில் தொடங்கி, நடுவில் இன்னொரு ஒய், கடைசியில் டபுள் எல், ஒய்), அப்பா பெயர் ‘மூனேசாமி’, வயது 24, வடாற்காடு ஜில்லா, ஆரணி, ஊர் ‘ஷாவூர்’. ஆனால் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி வேறொரு வரியைக் காட்டுகிறார். அதே சமயத்தில் வேறு கப்பலில் போன ‘எல்லமலே’, அப்பா ‘முனியன்’, வடாற்காடு, போளூர் தாலுகா. அந்த அக்காவின் குடும்பப் பெயரும் எழுத்துக்கு எழுத்து எல்லமலேதான். அதனால் இவர்தான் நம் ஆள் என்று தம்பி அடித்துச் சொல்கிறார்.

இதோடு முடியவில்லை. அந்தக் கொள்ளுத்தாத்தாவின் மூன்று பிள்ளைகளில் மூத்தவர் குடும்பம் இன்று ‘முன்சாமி’, இரண்டாமவர் குடும்பம் ‘கோவெண்டர்’, கடைசிப் பிள்ளை வழிதான் ‘எல்லமலே’. எல்லாவற்றையும் ஏழுமலை என்று ஒரே எழுத்தில் மாற்றிவிடலாமா என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த வரியை நம்புவது? குடும்ப மரத்தில் எந்தப் பெயரைப் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலாற்றங்கரை:

வணக்கம் அம்மா. நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், ராணிப்பேட்டை பக்கம். நேட்டாலில் இருந்தும் மொரீஷியஸில் இருந்தும் ஊர் தேடி எழுதுகிறவர்களுக்கு வடாற்காட்டுக் கிராமங்களை அடையாளம் சொல்வதில்தான் இப்போது என் நேரம் போகிறது. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எழுத்து ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் போளூர்க்காரரைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கப்பல் பட்டியலில் பெயர் எழுதியவர் ஒரு குமாஸ்தா. பல வருஷம் கழித்து, கடைசிப் பிள்ளைக்குப் பள்ளியிலோ பதிவு அலுவலகத்திலோ ‘எல்லமலே’ என்று எழுதியவர் வேறொருவர். முதலாமவர் எழுதியதைப் பார்த்து இரண்டாமவர் எழுதவில்லை. ஆகவே அந்த இரண்டு எழுத்தும் பொருந்தினால் பொருந்தட்டும், அதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது.

இப்போது ‘யேயமல்லி’யைப் பாருங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் ‘ழ’ எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். வாழைப்பழம் ‘வாயப்பயம்’ ஆகிற ஊர் நம்முடையது. ஏழுமலையை வாயால் கூப்பிடும்போது ‘ஏயுமல’ என்றுதான் வரும், முன்னால் ஒரு யகரமும் ஒட்டிக்கொள்ளும். குமாஸ்தா பேர் கேட்டிருக்கிறார், இந்த இளைஞர் தன் வாயால் சொல்லியிருக்கிறார், காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். எழுதியது சரியா என்று படித்துச் சரிபார்க்க அவருக்கு இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்திருக்காது. எனக்கென்னவோ அந்தத் தாறுமாறான எழுத்தில் சேவூர்க்காரர் ஒருவரின் குரலே கேட்கிறது. இன்று நாம் போடும் திருத்தமான எழுத்தில் அது கேட்காது. அதனால்தான் பழைய எழுத்தை அழித்துத் திருத்தாதீர்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

‘ஷாவூர்’ சேவூர்தான் என்று நான் நினைக்கக் காரணம் பெயர் ஒலி மட்டும் இல்லை, பக்கத்துக் கட்டத்தில் ஆரணி இருப்பது. அவிநாசி பக்கமும் ஒரு சேவூர் இருக்கிறது. ஜில்லா, தாலுகா கட்டங்களைச் சேர்த்துப் படிக்காமல் ஊர் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போய் அலைகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் ஆரணி தனி ஜாகீர் (மானியமாக விட்ட நிலப்பகுதி), அதனால் ‘ஆரணி ஜாகீர்’ என்று எழுதியிருந்தாலும் குழம்ப வேண்டாம். பழைய வடாற்காடு இன்றைய வரைபடத்தில் ஒரே இடத்தில் இல்லை என்பதையும் டர்பன்காரர்களுக்குச் சொல்லுங்கள். 1911-இல் ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. மிச்சம் 1989-இல் இரண்டாகி, 2019-இல் வேலூர்ப் பகுதி இன்னும் மூன்றாகப் பிரிந்தது. அவர்கள் கூகுள் மேப்பில் ‘வடாற்காடு’ என்று தட்டிவிட்டு ஊரே இல்லை என்று மனம் சோர்ந்து போகிறார்கள்.

தேடும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. வம்சாவளித் தளங்களில் ‘ஒலி ஒத்த பெயர்கள்’ என்று ஒரு வசதி இருக்கும். அதற்கு அடியில் பெரும்பாலும் சவுண்டெக்ஸ் என்ற பழைய முறைதான் ஓடும். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது, அந்த ஊர்ப் பெயர்களை மனதில் வைத்துச் செய்தது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்தை விட்டுவிட்டு, மற்ற மெய்களுக்கு எண் கொடுக்கும். முனுசாமி, முனிசாமி, மூன்சாமி எல்லாம் ‘எம் 525’ என்று அழகாக ஒரே பெட்டியில் விழும். ஆனால் நமக்குக் கண்ணனின் ‘க’வும் கோவிந்தனின் ‘க’வும் ஒரே எழுத்து, அதற்கு ‘கே’யும் ‘ஜி’யும் வேறு வேறு. ‘கே’ போட்ட கோவிந்தன் ஒரு பெட்டி, ‘ஜி’ போட்ட கோவிந்தன் இன்னொரு பெட்டி. சின்னப்பன் ‘சி 515’, அதே ஆளை ‘எஸ்’ போட்டு எழுதினால் ‘எஸ் 515’. உங்கள் ஏழுமலை கதை இன்னும் மோசம். ‘ஈ’யில் தொடங்கி ‘எல்’ போட்டு எழுதினால் ‘ஈ 454’, யேயமல்லியாக எழுதினால் ‘ஒய் 540’. கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தத் தம்பிக்கு யேயமல்லி கண்ணில் படாமல் எல்லமலே மட்டும் கிடைத்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பெயரை விட்டுவிட்டு ஜில்லா, ஊர், அப்பா பெயர் வழியாகத் தேடச் சொல்லுங்கள். முதல் எழுத்தை ஏ, ஈ, ஒய் என்று மாற்றி மாற்றியும் பார்க்கட்டும்.

அடுத்தது மூன்று பிள்ளைகளுக்கு மூன்று குடும்பப் பெயர். டர்பன் குடும்பங்களில் இது சர்வ சாதாரணம், இதை வைத்து அவர்கள் ஒரே வயிற்றுப் பிள்ளைகளா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். நமக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. அங்கே பாரத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அதனால் எது கைக்குக் கிடைத்ததோ அதை நிரப்பினார்கள். மூத்தவர் தாத்தா பெயரைக் கொடுத்து முன்சாமி ஆனார். இரண்டாமவர் கவுண்டர் என்ற பட்டத்தைச் சொன்னார், அது அங்கே கோவெண்டர். கடைசிப் பிள்ளை அப்பா பெயரையே சொன்னார். முதலி அங்கே மூட்லி, நாயுடு கடைசியில் டபுள் ஓ. நம் வட்டாரத்தில் வன்னியர்களே நாயக்கர், கவுண்டர், படையாட்சி என்று மூன்று பட்டமும் போடுகிறார்கள் அல்லவா, எந்தப் பிள்ளை எதைச் சொன்னாரோ அது அந்தக் கிளையின் பெயராக நின்றுவிட்டது.

தில்லையாடி வள்ளியம்மை என்றால் நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1914-இல் பதினாறு வயதில் இறந்துபோன அந்தப் பெண் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி பெற்றோரின் ஊர். காந்தி எழுதும்போது முனுசாமி முதலியார் என்ற அப்பா பெயரோடு சேர்த்துத்தான் எழுதினார். அங்குள்ள ஆவணத்தில் போய்த் ‘தில்லையாடி’ என்று தேடினால் அந்தப் பிள்ளை அகப்படவே மாட்டாள். இங்கே ஊர் பெயர், அங்கே அப்பா பெயரும் பட்டமும். ஆள் ஒருத்திதான்.

சரி, பெயரை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? எண்ணை. நேட்டாலுக்கு 1860-இல் முதல் கப்பல் ட்ரூரோ போனதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலியாக இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு கலோனியல் நம்பர் உண்டு. ஏறக்குறைய 1,52,000 பேர், பெயர் ஆயிரம் விதமாகத் திரிந்தாலும் எண் ஒன்றே. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிந்த திருமணம், பிள்ளைப்பேறு, சாவு இவற்றில் இந்த எண்ணைக் குறிப்பது வழக்கம். அந்த அக்காவிடம் மூன்று பிள்ளைகளில் யாருடைய பழைய பிறப்புச் சான்று இருந்தாலும் அதை எடுத்து, அப்பா, அம்மா பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண் யேயமல்லியுடையதா எல்லமலேயுடையதா என்று பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எண் கிடைக்காவிட்டால் பட்டியலில் அந்த வரிக்கு மேலே பத்து, கீழே பத்து வரிகளைப் படியுங்கள். ஒன்றாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழும். சேவூர், இரும்பேடு, களம்பூர் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தால், அவர்களில் யாராவது பின்னால் இந்தக் குடும்பத்தின் கல்யாணத்தில் சாட்சியாகவோ சம்பந்தியாகவோ வந்திருக்கிறார்களா என்று பார்க்கலாம். உடல் அடையாளம் என்றும் ஒரு கட்டம் உண்டு, தழும்பு, மச்சம், பச்சை குத்தியது எல்லாம் இருக்கும். வயதை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். 24 என்பது குமாஸ்தா கண்ணால் பார்த்துப் போட்ட வயதாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. நீங்கள் பார்த்தது மூலப் பக்கமா, யாரோ தட்டச்சு செய்த பட்டியலா? டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், பெரிய தொண்டு அது. ஆனாலும் பழைய கையெழுத்தில் இங்கிலீஷ் ‘என்’னும் ‘யூ’வும் ஒன்று போலவே இருக்கும், பெரிய ‘எஸ்’ஸும் ‘எல்’லும் அப்படித்தான். ‘முனியன்’ என்று படித்தது வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். மூலப் பக்கத்தின் படம் கேளுங்கள். உம்லாசி பலமுறை வந்து போன கப்பல், அதனால் பயணத் தேதியும் சேர்த்துக் கேளுங்கள்.

மரத்தில் எந்தப் பெயர் என்று கேட்டீர்கள். நான் செய்வது இப்படி: தலைப்பில் தமிழில் ‘ஏழுமலை, த/பெ முனிசாமி, சேவூர்’, பக்கத்தில் கலோனியல் நம்பர். அதற்குக் கீழே ஒவ்வொரு ஆவணத்திலும் இருக்கும் எழுத்தை ஒரு புள்ளி மாறாமல், எந்த ஆவணம், எந்த வருஷம் என்று குறித்து எழுதி வைப்பேன். மென்பொருளில் ‘மாற்றுப் பெயர்’ கட்டம் இருக்கும், அதில் எல்லாம் ஏறட்டும். பிள்ளைகளின் பெயர்களை ஏழுமலையாக்க வேண்டாம். முன்சாமி முன்சாமியாகவும் கோவெண்டர் கோவெண்டராகவும் இருக்கட்டும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கிளைப் பிள்ளை ஒன்று தேடி வரும்போது தன் பெயரைத்தான் தட்டும்.

புதுவைக்காரன்:

பாலாற்றங்கரை ஐயா சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. ஆனால் எழுத்தை இவ்வளவு லேசாக விட முடியாத இடமும் உண்டு, அதையும் பதிந்து வைக்கிறேன்.

பிரெஞ்சு ஆட்சி இருந்த இடங்களில் பிறப்புப் பதிவேட்டில் உள்ள எழுத்துதான் சட்டப்படி பெயர். அதை மாற்றுவது லேசில் நடக்காது. அதனால் ரீயூனியனில் ஒரு எழுத்து மாறிப் பதிந்த தம்பி குடும்பம் அப்படியே வேறு பெயர்க் குடும்பமாக நின்றுபோகும். அங்கே ‘உ’வுக்கு ‘ஓ யூ’ சேர்த்து எழுதுவார்கள். ‘அன்’ என்ற முடிவு ‘ஐ என்’ ஆகும், ‘அம்’ ‘ஓம்’ ஆகும். லட்சுமணன், சாமிநாதன், வேங்கடாசலம், வைத்திலிங்கம் எல்லாரும் ரீயூனியன், குவாதலூப் பக்கம் இந்த உடுப்பில்தான் இருக்கிறார்கள். ரீயூனியன் அரசியல்வாதி விராபுல்லே பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நம் காதில் வீரப்பிள்ளை என்று விழும்.

எங்கள் புதுச்சேரியில் இன்னொரு சிக்கல். 1881-இல் வந்த ஆணைப்படி, வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ‘லபோர்த்’ ஆனார். இங்கே எழுத்து ஒற்றுமை, ஒலி ஒற்றுமை எதுவும் உதவாது. துறப்புப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒரே ஆளுடையவை என்று தெரியும். ஆகவே ஆரணிக்காரி, உங்கள் தேடல் எப்போதாவது பிரெஞ்சுப் பக்கம் திரும்பினால் எழுத்தில் இருக்கும் மேற்குறியைக்கூட விடாமல் எழுதி வையுங்கள்.

கிள்ளான்_தோட்டம்:

மலேசியாவில் எங்களுக்கு இதே தலைவலிதான். தோட்டத்து ஆபீஸில் பேர் எழுதிய கிராணி பல இடங்களில் மலையாளியாகவோ யாழ்ப்பாணத்துக்காரராகவோ இருந்தார், அவர் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படித்தான் செக்ரோலில் (ஆட்கள் பேர்ப் பதிவேட்டில்) ஏறும். 1948-இல் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியபோது இன்னொருவர் இன்னொரு மாதிரி எழுதினார். எங்கள் தாத்தாவுக்கும் அவருடைய கூடப் பிறந்த தம்பிக்கும் அப்பா பெயரே இன்றுவரை வேறு வேறு எழுத்தில் இருக்கிறது.

ஒரு யோசனை: டர்பனில் வயதான பாட்டி யாராவது இருந்தால், அந்தப் பெயரை வாயால் சொல்லச் சொல்லி வாய்ஸ் மெசேஜில் அனுப்பச் சொல்லுங்க அக்கா. எழுத்து கெட்டுப்போன வீட்டிலும் பாட்டிமார் வாயில் பழைய உச்சரிப்பு நின்றிருக்கும். குலதெய்வம் என்ன என்றும் மறக்காமல் கேளுங்க.

ஆரணிக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாலாற்றங்கரை ஐயா, நீங்கள் சொன்னபடி அக்காவிடம் கேட்டேன். இரண்டாவது பிள்ளையின், அதாவது கோவெண்டர் கிளையின், பிறப்புப் பதிவு நகல் அவர் சித்தி வீட்டில் இருந்தது. அப்பா பெயர் ‘எலுமலை’, ஈ-யில் தொடங்குகிறது. பெயருக்குப் பக்கத்தில் எண் இருக்கிறது! ஆனால் தாள் மடிப்பில் கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. முன்னால் இருக்கும் இலக்கங்கள் யேயமல்லியோடு ஒத்துப்போகின்றன, போளூர்க்காரரோடு இல்லை. அம்மா பெயர் ‘மூனியம்மா’, அவருடைய எண் முழுசாகத் தெரிகிறது.

பாட்டி ஒருவரின் குரலும் வந்தது. ‘யேளுமல தாத்தா’ என்கிறார். எங்கள் அப்பா அதைக் கேட்டுவிட்டு, நம் பெரிய பாட்டியும் இப்படித்தான் சொல்லும் என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். குலதெய்வம் பச்சையம்மன் என்று சொன்னார்கள். எங்களுக்கும் பச்சையம்மன்தான்.

பாலாற்றங்கரை:

ரொம்பச் சந்தோஷம் அம்மா. பச்சையம்மன் நம் வட்டாரத்தில் நிறையக் குடும்பங்களுக்குக் குலதெய்வம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். ஆனால் அப்பா பெயர், ஊர், எண்ணின் முன்பகுதி, இப்போது இதுவும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்கின்றன. போளூர்க்காரர் பக்கம் இருப்பது எழுத்து ஒன்றுதான். அந்தத் தம்பியிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். போளூர் வரியையும் தூக்கி எறிய வேண்டாம், ‘பார்த்தோம், இந்தக் காரணத்தால் விலக்கினோம்’ என்று மரத்தில் குறிப்பு எழுதி வைக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் யாராவது அதையே மறுபடி கண்டுபிடித்துக் கொண்டு வருவார்கள்.

இப்போது முனியம்மாவின் எண்ணைப் பிடியுங்கள். பெண்கள் பெயரில் நம் ஊரில் முனியம்மா, லட்சுமி, பொன்னி என்று திரும்பத் திரும்ப அதே பெயர்கள்தான் வரும், பெயரால் தேடினால் கரையேற முடியாது. எண் முழுசாகக் கையில் இருப்பது பெரிய வரம். அந்த எண்ணில் அவர் வந்த கப்பல், அவருடைய அப்பா பெயர், ஊர் எல்லாம் கிடைக்கும். உம்லாசியில் அதே பயணமாக இருந்தால் இருவரும் ஊரிலேயே சேர்ந்தவர்களா என்று பார்க்கலாம். வேறு கப்பல் என்றால் அங்கே நடந்த கல்யாணம், அதற்குப் பதிவு இருக்க வாய்ப்பு உண்டு. 1913-இல் கேப் மாகாண நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நம்மவர் திருமணங்களைச் செல்லாது என்று ஆக்கிவிட்டது. போராட்டத்துக்குப் பிறகு 1914-இல் வந்த சட்டம்தான் பழைய திருமணங்களையும் பதிந்துகொள்ள வழி செய்தது. அந்த வருஷத்தை ஒட்டிய பதிவுகளில் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஏழுமலையின் எண் முழுசாக இருக்கக்கூடும்.

அப்புறம், அவர் இறந்தபோது சொத்துக் கோப்பு ஏதாவது போட்டிருந்தால் மரண அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். அதில் பெற்றோர் பெயர், எல்லாப் பிள்ளைகளின் பெயர் வரிசையாக வரும். முன்சாமி, கோவெண்டர், எல்லமலே மூவரும் ஒரே தாளில் அண்ணன் தம்பிகளாக இருந்தால் இந்த மூன்று கிளைக்கும் அதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. கோப்பைத் தேடும்போது மூன்று பெயரிலும் தேடச் சொல்லுங்கள், ஏனென்றால் அதைக் கொடுத்தவர் எந்தப் பிள்ளையோ அந்த எழுத்தில்தான் தகப்பனார் பெயரும் ஏறியிருக்கும்.

ஆரணிக்காரி:

இன்றைக்கே அக்காவுக்கு எழுதிவிடுகிறேன் ஐயா. உம்லாசியின் மூலப் பக்கத்துக்கும் முனியம்மாவின் எண்ணுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடச் சொல்கிறேன். அப்பா சேவூர் போய், பச்சையம்மன் கோயில் திருப்பணிக் கல்வெட்டில் முனிசாமி பெயர் எப்படி வெட்டியிருக்கிறது என்று படம் எடுத்து வருகிறேன் என்கிறார். வந்ததும் இங்கே போடுகிறேன்.